கணக்கில் வராத உடல்

பாசிர் ரிஸ் கடற்கரையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் புலாவ் உபின் தெரியும். அமைச்சர் கோ கெங் சுவீயின் முனைப்பில் 1967-இல் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர் என்னும் வெளிப்புறப் பயிற்சி நிலையம் அந்தத் தீவில்தான் இருக்கிறது. இந்தப் பயிற்சிமுறை பிறந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். தகர்க்கப்பட்ட கப்பல்களிலிருந்து உயிர்ப்படகில் ஏறிய இளம் மாலுமிகள் மூத்தவர்களைவிடச் சீக்கிரம் மடிகிறார்களே என்று கப்பல் நிறுவனக் குடும்பத்து லாரன்ஸ் ஹோல்ட் கவலைப்பட்டார். அக்காலத்தில் சிங்கப்பூருக்கு வழக்கமாக வந்துபோன புளூ ஃபனல் கப்பல்கள் அந்தக் குடும்பத்துடையவை. அவரும் கல்வியாளர் குர்ட் ஹானும் சேர்ந்து 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் முதல் பள்ளியைத் திறந்தார்கள்.

மனம் நொந்த இளையர்களைக் காட்டுக்கும் கடலுக்கும் அழைத்துப்போய்த் தேற்றும் சிகிச்சைக்கும் அந்த மரபோடு உறவு உண்டு. அறைக்குள் வாய் திறக்காத பிள்ளை துடுப்புப் போடும்போது பேசத் தொடங்கும். ஆனால் அந்தப் பிள்ளையோடு இரவும் பகலும் இருக்கும் ஆலோசகரைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. நிழலுக்கு, கரைக்கு, தூக்கத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போகிறவர் அவர். அவர் உடலுக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசி இடத்தில்தான் காத்திருக்கின்றன.

நம் ஊரில் முதல் எதிரி புழுக்கம். வியர்வை வழிந்தால் மட்டும் உடல் குளிராது. ஆவியானால்தான் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் வியர்வை சட்டையை நனைத்துச் சொட்டுகிறது, காய மறுக்கிறது. ஆகவேதான் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, கறுப்புக் கோளத்துக்குள் இருப்பதற்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று எடைபோட்டு ‘ஈரக்குமிழ் கோள வெப்பநிலை’யைக் கணக்கிடுகிறார்கள். அது 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடுமையாக உழைப்போருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரவேண்டும் என்று 2023-இல் மனிதவள அமைச்சு வரையறுத்தது. நல்ல விதி. அந்தப் பத்து நிமிடத்தில் ஆலோசகர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தலைகளை எண்ணுகிறார், போத்தல்களை நிரப்புகிறார், அழும் பிள்ளையை எழுப்பி நடத்துகிறார், தளர்ந்தவரின் பையைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார். தசை வேலை செய்யும்வரை வெப்பத்தையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிப் பேச்சு குழறினால், முதலில் பனிநீரில் அமிழ்த்திக் குளிரவைக்க வேண்டும்; மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அதற்கு அடுத்தது. பிள்ளைகளிடம் அந்தக் குழறலைக் கண்டுபிடிக்க ஆலோசகர் பழகியிருக்கிறார். அவருக்கே குழறினால் கவனிக்க இன்னொரு பெரியவர் பக்கத்தில் வேண்டும்.

அடுத்தது இடி. விடியலில் மேற்கிலிருந்து பாய்ந்துவரும் சுமத்திரா சூறையில் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடி என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அப்போதே ஒதுங்கியாக வேண்டும். ‘கேட் ஒன்’ என்ற மின்னல் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் கயாக்குகள் கரைக்குத் திரும்பும். தட்டையான நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்பவை மனிதத் தலைகளே. கடைசிக் கயாக்கைக் கரைசேர்க்கும்வரை ஆலோசகர் அங்கேதான் இருப்பார்.

சேற்றிலும் நன்னீரிலும் எலிக்காய்ச்சல் உண்டு. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கீறல் வழியாகக் கிருமி உடலில் ஏறும். 2000-இல் சபாவில் நடந்த ‘எக்கோ சாலஞ்ச்’ சாகசப் போட்டிக்குப் பின் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு அந்நோயின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. ஒருமுறை நீந்தியவர்களுக்கே அப்படி. வாரந்தோறும் அதே ஓடைகளில் இறங்குகிறவருக்கு வாய்ப்பு பெருகிக்கொண்டே போகும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது தூக்கமின்மை. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக்கூடிய பிள்ளை ஒரு கூடாரத்தில் படுத்திருக்கும்போது, பக்கத்துக் கூடாரத்தில் யார் கண்ணயர முடியும்? ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் செய்த ஆய்வு 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவர்களின் நிலைக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் அது 0.10 விழுக்காட்டுக்குச் சமமானது. சிங்கப்பூரில் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 0.08. விடிய விடிய விழித்த அதே கைகள்தான் காலையில் உயரத்தில் ஏறும் பிள்ளையின் பாதுகாப்புக் கயிற்றைப் பிடிக்கின்றன, தாமும் அதே உயரத்துக்கு ஏறுகின்றன.

கொந்தளிக்கும் பிள்ளையைத் தடுக்கப்போய் அடிபடுவதும் இந்த வேலையில் உண்டு. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலாண்டே அருகே இளையர் சிகிச்சைப் பண்ணையொன்றில் 17 வயதுப் பையன் ஊழியர் ஒருவரைக் கொன்றான். இவ்வளவு கொடூரம் அரிது. ஆனால் ஒற்றை ஆளாக நிற்பதும் களைப்பும் சேரும்போது, பிள்ளையின் முகம் மாறுவதைக் கவனிக்கும் கூர்மை முதலில் மழுங்கும்.

முகாமுக்கு அனுப்பும் பெற்றோரிடம் ஆஸ்துமா உண்டா, ஒவ்வாமை உண்டா, கடைசியாக எப்போது மருந்து எடுத்தான் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறோம். அதே படிவக் கட்டில் ஆலோசகருக்கும் ஒரு தாள் இருக்கட்டும்: நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், முந்தைய முகாம் முடிந்து எத்தனை நாள் ஆயிற்று, இரவுக் காவலை யாரோடு பகிர்ந்துகொள்கிறார். தூங்கிய நேரம் போதவில்லை என்றால், அன்று கயிற்றை வேறொருவர் பிடிக்கட்டும்.