வலது கையும் வாய்ப்பேச்சும்



"அவருக்கு வலது பக்கம் வாதம் அடிச்சிடுச்சு, பேச்சும் நின்னு போச்சு" என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கை விழுந்தால் பேச்சு ஏன் நிற்க வேண்டும்? சின்னாளபட்டியில் தறி நெய்பவரானாலும், காட்டு வேலைக்குப் போகிறவரானாலும், கையும் வாயும் போனால் குடும்பமே தடுமாறிவிடும். ஆகவே இதைக் கணவன் மனைவி இருவரும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூளையின் இரு பாதிகள்

நிலக்கடலைப் பருப்பைப் போல மூளையும் இரு பாதிகளாக இருக்கிறது. கை கால்களை இயக்கும் நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் பக்கம் மாறிச் செல்கின்றன. அதனால் இடது மூளை வலது கை, காலை இயக்குகிறது. வலது மூளை இடது கை, காலை இயக்குகிறது. பேச்சுக்கான இடமும் பெரும்பாலோருக்கு இடது மூளையில்தான். 1861-ல் பாரிசில் பிரோகா என்ற மருத்துவர், பேச்சிழந்த ஒருவர் இறந்த பின் அவர் மூளையைப் பார்த்தார். இடது பாதியின் முன்பக்கம் கெட்டிருந்தது.

அளப்பது எப்படி?

1949-ல் ஜப்பானிய மருத்துவர் வாடா ஒரு வழி கண்டார். மூளையின் ஒரு பாதிக்குப் போகும் இரத்தக் குழாயில் மயக்க மருந்து செலுத்துவார்கள். நோயாளி இரு கைகளையும் தூக்கியபடி எண்களைச் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கக் கை தொய்ந்து விழும். பேச்சும் நின்றால், அந்தப் பாதியில்தான் பேச்சு இருக்கிறது. சில நிமிடங்களில் எல்லாம் திரும்பிவிடும். வலிப்பு நோய்க்கு மூளை அறுவை செய்யுமுன், பேச்சைக் காப்பாற்றவே இந்தச் சோதனை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் இவ்வகை அறுவை நடக்கிறது. இப்போது ஸ்கேன் மூலமும் பேச்சின் இடத்தை அறிகிறார்கள்.

வலது கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கும், இடது கைப் பழக்கமுள்ளவர்களில் சுமார் 70 பேருக்கும் பேச்சு இடது மூளையில் இருக்கிறது.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"எம் பிள்ளை நொட்டாங்கையால எழுதுறான். அடிச்சு மாத்தலாமா?"
கூடாது. அது நோயல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. அவன் மூளை அமைந்த விதம் அது. அப்படியே எழுதட்டும்.

"கைக்குழந்தை ஒரே கையைத்தான் நீட்டுது. பரவாயில்லையா?"
ஒரு வயது வரை குழந்தை இரு கைகளையும் ஏறக்குறைய ஒன்றுபோல் நீட்டும். எப்போதும் ஒரு கையையே நீட்டி, மற்றதை மூடியே வைத்திருந்தால் அந்தக் கையில் பலவீனம் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம்.

"பெரியவங்களுக்கு வாதம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"
மூன்றைப் பாருங்கள்.

1. சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?
2. இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா?
3. பேரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு குழறுகிறதா, நிற்கிறதா?

திடீரென்று இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். எப்போது தொடங்கியது என்று மணி பார்த்து வையுங்கள். ஸ்கேன் எடுத்த பின், அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு மூளை பிழைக்கும்.

செய்யாதீர்கள்: புறா இரத்தம் தடவி நேரத்தைக் கடத்தாதீர்கள். தண்ணீரோ கஞ்சியோ புகட்டாதீர்கள், புரை ஏறிவிடும். "விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள்.

பேச்சு நின்றவருக்குப் புத்தி போய்விட்டது என்று எண்ண வேண்டாம். சொல்ல வார்த்தை வராமல் தவிக்கிறார். மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தையாகப் பேசுங்கள். பேச்சுப் பயிற்சியால் முன்னேற்றம் வரும்.

முப்பது வயதைத் தாண்டிய தம்பதிகள் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பீடி, புகையிலையை விடுங்கள். வாதம் வராமல் தடுப்பதே நல்ல வைத்தியம்.