கடைசி ரீல் வரைக்கும் காத்திருக்கணுமா?

அமாவாசையன்று எங்கள் மேல்மலையனூர் எப்படி இருக்கும் என்பது வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு மத்தியானத்திலிருந்தே பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். அங்காளம்மன் ஊஞ்சலில் அமர்வதற்கு நடுராத்திரி நெருங்கிவிடும். அதுவரை தெரு, மரத்தடி, கடை வாசல் எல்லாம் ஆட்கள்தான். எங்கள் வீட்டுத் திண்ணையும் அன்றைக்கு எங்களுக்குச் சொந்தமில்லை!

போன ஆடி அமாவாசைக்கும் அப்படித்தான். முன்பின் தெரியாத ஐந்தாறு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கப் போன நானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். யாரோ செல்போனில் அம்மன் பாட்டு போட, பேச்சு அம்மன் படங்கள் பக்கம் திரும்பியது. அடேயப்பா! சாமி கும்பிட வந்தவர்களா, பட்டிமன்றத்துக்கு வந்தவர்களா என்று கேட்கிற அளவுக்கு வாக்குவாதம்.

ஆரணிப் பக்கமிருந்து வந்த ஆயாவுக்கு 1971-ல் வந்த "ஆதி பராசக்தி"தான் படம். "கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எடுத்தாரே, அதுக்கு ஈடு எதும்மா? அபிராமி பட்டரா சுப்பையா நடிச்சிருப்பாரு. அமாவாசை அன்னிக்கு வானத்துல நிலா வரும் பாரு... டெண்ட் கொட்டாயில மணல்ல உக்காந்திருந்த நாங்க எல்லாம் எழுந்து நின்னு கும்பிட்டோம். ரெண்டு பேருக்குச் சாமி வந்துடுச்சு!"

பண்ருட்டி அம்மா ராம.நாராயணன் ரசிகை. "ஆடி வெள்ளி" (1990) யானையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். 2000-ல் வந்த "பாளையத்து அம்மன்", "ராஜகாளி அம்மன்", அடுத்த வருஷம் வந்த "கோட்டை மாரியம்மன்" எல்லாம் விரல் விட்டு எண்ணினார். "கெட்டவன் கெட்டே போவான்னு தைரியமா நம்பி ரெண்டரை மணி நேரம் உக்காரலாம். அது போதாதா? வீட்டுல தினமும் அப்படியா நடக்குது?" என்றார்.

அவர் மகள் காலேஜில் படிக்கிறாளாம். அவள்தான் பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தாள். "எனக்கு இந்தப் படங்களைக் கண்டாலே பிடிக்காது ஆன்ட்டி. ஹீரோயினுக்கு அழறதைத் தவிர வேலையே இல்ல. மாமியார் அடிப்பாங்க, நாத்தனார் சூடு வைப்பாங்க, இவ வாயைத் திறக்காம கோயில்ல போய் விழுவா. அதுக்கு 'மூக்குத்தி அம்மன்' எவ்வளவோ மேல். போலிச் சாமியாரைத் தோலுரிச்சாங்க இல்ல?"

"நயன்தாரா நல்லாத்தான் இருந்தா. ஆனா சாமி நம்மகூட உக்காந்து கிண்டல் பேசினா பயபக்தி எப்படி வரும்?" என்றார் அம்மா. 2020 தீபாவளிக்குத் தியேட்டருக்கு வராமல் செல்போனுக்கும் டிவிக்கும் நேராக வந்த படம் அது. "தியேட்டர்ல நாலு பேரோட சேர்ந்து பார்த்தாத்தான் அம்மன் படம்" என்று ஆயா தீர்ப்புச் சொன்னார்.

அதுவரை பேசாமல் இருந்த, நாற்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண், "எனக்கு சௌந்தர்யா நடிச்ச 'அம்மன்'தான்" என்றார். தெலுங்கில் கோடி ராமகிருஷ்ணா இயக்கி 1995-ல் "அம்மோரு" என்று வந்து, பிறகு தமிழ் பேசிய படம். ரம்யா கிருஷ்ணன் அம்மனாக வந்த கிராபிக்ஸ் காட்சிகளைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இவர் சொன்னது வேறு. "அந்த வீட்டுல அவளைக் கொடுமைப்படுத்தறப்போ, அம்மன் முதல்ல சூலத்தோட வரலைக்கா. வேலைக்காரப் பொண்ணா வந்து கூடவே இருந்தா. அந்த இடத்துலதான் நான் அழுதேன். நமக்கும் ஒருத்தி அப்படிக் கூட இருந்தா போதும்னு தோணுச்சு."

திண்ணையே அமைதியாகிவிட்டது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆயாதான் ஆரம்பித்தார். "கலைஞர் வசனம் எழுதின 'பராசக்தி' பாத்திருக்கியா பாப்பா? 1952-ல வந்தது. பேருதான் பராசக்தி. புருஷனை இழந்த கல்யாணி கைக்குழந்தையோட தெருவுல நிப்பா. கோயில் பூசாரியே அவ கையைப் பிடிச்சு இழுப்பான். சாமி வராது. பசி தாங்காம குழந்தையையே ஆத்துல போட்டுடுவா. அப்பவும் வராது. அவளுக்கு ஒருவாய்ச் சோறு போட ஊருல ஒருத்தியும் இல்லையேன்னு எனக்குச் சாமி மேல வராத கோவம் அந்த ஊர்க்காரங்க மேல வந்துச்சு."

"நானும் அதையேதான் சொல்றேன் ஆயா" என்றாள் அந்தப் பெண். "வில்லனைக்கூட விட்டுடலாம். அம்மன் படத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வேலிக்குப் பின்னாடி நின்னு வேடிக்கை பார்ப்பாங்க பாருங்க, அவங்களைத்தான் எனக்குப் பிடிக்காது. கடைசி ரீல் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

சுருக்கென்றது எனக்கு. காரணம் இருக்கிறது. இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை இன்று தோழிகளிடம் சொல்லிவிடுகிறேன்.

2003-ல் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் இருந்தாள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி டிவியில் அம்மன் படம். கதாநாயகியை அடிக்கிற காட்சியில் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் பக்கத்தில் நிஜமாகவே ஒருத்தி அலறுகிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வசனம் கேட்கவில்லை என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். 'புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்கு?' என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாசமே அவள் கைப்பையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பல வருஷம் கழித்து ஓர் அமாவாசைக் கூட்டத்தில் பார்த்தேன். தையல் வேலை செய்து பிழைப்பதாகச் சொன்னாள். நலம் விசாரித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அன்னிக்கு உங்க வீட்டு டிவி சத்தம் எங்க வீட்டுல நல்லா கேட்டுச்சு." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிபட்டவளேதான் வந்து சொல்ல வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்று அதன் 4-வது பிரிவு சொல்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பகலோ ராத்திரியோ பேசலாம். எதுவும் முடியாவிட்டால், 'கொஞ்சம் சர்க்கரை இருக்கா?' என்று கேட்டுக் கதவையாவது தட்டலாமே! ஓங்கின கை ஒரு நிமிஷம் நிற்கும்.

எங்கள் அங்காளம்மன் கதையும் இதைத்தான் சொல்கிறது. சிவபெருமான் கையிலே ஒட்டிக்கொண்டு விடாத பிரம்ம கபாலத்தை ஆத்தா எப்படி இறக்கினாள்? கவளம் சோற்றைக் கீழே இறைத்தாள். அதைத் தின்ன இறங்கிய கபாலத்தைக் காலால் மிதித்தாள். முதலில் கைகொடுத்தது அடுப்படியில் இருந்த சோறுதான்!

அன்றைக்கு உற்சவம் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, 'அம்மன்' பிடிக்கும் என்று சொன்ன பெண்ணிடம் என் போன் நம்பரைக் கொடுத்தேன். "எப்ப வேணா கூப்பிடும்மா, எந்த நேரமானாலும் எடுப்பேன்" என்றேன். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அம்மன் படம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். பார்த்தால் இன்றைக்கும் அழுவேன். ஆனால், டிவி சத்தத்தை மட்டும் குறைத்தே வைக்கிறேன். தோழிகளே, நீங்களும் அப்படியே செய்வீர்கள்தானே?

– ஒரு வாசகி, மேல்மலையனூர்.