மம்பாவ் தோட்டத்துச் சடக்கில் ஒரு காலை நடை

விடுமுறை வந்துவிட்டால் போதும், நம் கழக நண்பர்கள் மலையேறக் கிளம்பிவிடுவார்கள். நெகிரி செம்பிலான் என்றால் 825 மீட்டர் உயரமுள்ள குனோங் அங்சி. அது முடிந்தால் 884 மீட்டர் குனோங் டத்தோ. உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அப்புறம் மூன்று நாள் கால்வலி. குறை சொல்லவில்லை, மாணவனாக இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்த மலைகளுக்குப் போகும் வழியில், பேருந்துச் சன்னலுக்கு வெளியே ஓடி மறைகிற தோட்டக் குன்றுகளில் இறங்கி நடப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. "அங்கே என்ன இருக்கிறது? செம்பனைதானே!" என்பார்கள்.

என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இக்கட்டுரை.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையில் சில கிலோமீட்டர் தாண்டினால் வருவது மம்பாவ். சிறிய பட்டணம். அதைச் சுற்றியும், ரந்தாவ் போகும் வழியிலும் ரப்பரும் செம்பனையும் ஏறி இறங்கும் தாழ்ந்த குன்றுகள். ஏறினால் மூச்சு வாங்காது. அறுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் சேர்ந்து நடக்கலாம். அது இயற்கை தந்த வசதி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பால்மரம் வெட்டிய என் பாட்டிதான் வேறு விதமாகச் சொன்னார்: "காண்டா கம்பில ரெண்டு வாளி பாலைத் தொங்கவிட்டு, சிந்தாம இறங்கணும்டா. செங்குத்தா இருந்தா எப்படி இறங்குறது?"

அப்போதுதான் விளங்கியது. சரிவைக் குறுக்காக வெட்டிய படிகளும், குன்றைச் சுற்றி வளைந்து வரும் ஒற்றையடிப் பாதைகளும் மண் அரிக்காமல் இருக்கவும், சுமையோடு வருகிறவர் கால் இடறாமல் இருக்கவும் போடப்பட்டவை. இன்று நமக்கு அவை சுலபமான நடை. அந்தச் சுலபம் வாளி சுமந்தவர்களின் கணக்கு.

இங்கிலாந்தின் தென்பகுதியில் சுண்ணாம்புக் குன்றுகள் உள்ளன. நமக்குச் சுண்ணாம்பு மலை என்றால் பத்துமலைதான் நினைவுக்கு வரும். அது கெட்டிப்பட்ட சுண்ணாம்புக்கல். அங்கே இருப்பது வெள்ளைச் சீமைச்சுண்ணாம்பு, மென்மையானது. மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்வதால் பாதை சீக்கிரம் காய்ந்துவிடும். சவுத் டவுன்ஸ் வே என்ற பாதை அக்குன்றுகளின் மேல் சுமார் 160 கிலோமீட்டர் போகிறது. 2010ஆம் ஆண்டிலிருந்து அந்த வட்டாரம் தேசியப் பூங்கா. தனியார் நிலத்தின் ஊடே போனாலும் பொதுப் பாதை என்றால் அதில் நடக்க அங்கே எவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு.

நம் தோட்டங்களில் இந்த இரண்டும் இல்லை. மண் களி கலந்த செம்மண். மழை பெய்த மறுநாள் அதில் கால் வைத்தால் சோப்பில் வைத்ததுபோல் வழுக்கும். இரண்டாவது, தோட்டம் தனியார் நிலம். மூன்று தலைமுறை அங்கே உழைத்திருந்தாலும் அந்தப் பாதையில் நமக்கு உரிமை கிடையாது. ஆகவே முதல் வேலை, தோட்ட அலுவலகத்தில் கிராணியிடமோ காவலரிடமோ சொல்லி அனுமதி பெறுவது. ஐந்தாறு பேராகப் போய் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். இருபது பேர் வாகனத்தில் வந்து இறங்கினால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

முதல் நடையை ரப்பரில் தொடங்குங்கள். பெரிய தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டதால் இப்போது ரப்பரைப் பார்க்கச் சிறுதோட்டக்காரர்களின் நிலத்துக்குத்தான் போக வேண்டும். விடிந்ததும் போய்விடுங்கள். பால் வெட்டு விடியலிலேயே நடப்பதற்குக் காரணம் உண்டு: வெயில் ஏறும் முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அப்போது பால் நன்றாக ஓடும். எங்கள் வீட்டில் 'பழைய மணி', 'புதுமணி' என்று ஒரு பேச்சு இருந்தது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டன அல்லவா? அதன் பிறகும் பாட்டி பெரட்டு நேரத்தைப் பழைய மணியில்தான் சொல்வார்.

ஒரு மரத்தின் முன் நின்று வெட்டுக் கோட்டைப் பாருங்கள். இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, மரத்தைப் பாதி சுற்றி வரும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. இந்தப் பக்கம் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு வெட்டிலும் மெல்லிய சீவல் பட்டை போகும். கோடு கீழே இறங்கும். மேலே புதுப் பட்டை வளரும். உளி ஆழமாகப் பட்டு உள்ளே காயமானால், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொடுக்கும். பாட்டி ஒரு நிரையில் நடந்துகொண்டே, "இது அவசரக்காரி வெட்டினது, இது நல்ல கை" என்று சொல்லிக்கொண்டு போவார். மங்குகளில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலின் நாற்றம் முதலில் மூக்கைப் பொத்த வைக்கும். கால்மணி நேரத்தில் பழகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் போனால் இலையுதிர் காலம். காடே செம்பு நிறமாகிக் காலடியில் சலசலக்கும். காய் வெடிக்கும் பருவமானால் 'டப்' என்ற சத்தம் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கும். சிறுவயதில் அந்தக் கொட்டைகளுக்காக நாங்கள் அடித்துக்கொண்டது தனிக் கதை.

செம்பனைக் காட்டு நடை வேறு மாதிரி. இங்கே லாரி போகும் அகலமான செம்மண் சடக்கு. வழி தவறுவது கடினம். சடக்கு முனையில் பலகை இருக்கும். அதில் காட்டு எண், நட்ட ஆண்டு, பரப்பளவு. சுமார் 25 ஆண்டில் மரம் எட்டாத உயரத்துக்கு வளர்ந்து, சாய்த்து மறுநடவு செய்யும் வயதை அடையும். ஆகவே பலகையைப் பார்த்தே அந்தக் காடு எவ்வளவு நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். மரங்கள் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்க்கோடு தெரிவது அதனால்தான்.

சடக்கோரத்தில் வெள்ளை, மஞ்சள் பூச்செடிகளும் இளஞ்சிவப்புக் கொடிகளும் நட்டிருப்பார்கள். துரை வீட்டு அழகு என்று நினைக்க வேண்டாம். ஓலையில் சிறு பை கட்டித் தொங்கிக்கொண்டு அதையே தின்னும் ஒரு புழு உண்டு. அதைக் கொல்லும் குளவிகளுக்கு இந்தப் பூத்தேன்தான் உணவு. கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது கூகைக்கு. எலி பிடிக்கத் தோட்டமே கட்டிக்கொடுத்த வீடு. தரையை மூடிக் கிடக்கும் அகல இலைக்கொடி, வடகிழக்கு இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பயறு இனம். மண்ணுக்கு உரமும் போர்வையும் அதுவே. நம்மைப் போலவே வந்து ஊன்றியது!

நடுவே சோம்பு வாசம் அடித்தால் நில்லுங்கள். ஆண் பூக்குலை பக்கத்தில் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் கறுப்பாகச் சின்னஞ்சிறு வண்டுகள் மொய்ப்பது தெரியும். இவை 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. அதற்கு முன் பல தோட்டங்களில் மகரந்தத்தை மரம் மரமாகத் தூவியது தொழிலாளர்களின் கை, பெரும்பாலும் பெண்களின் கை. வண்டு வந்தது, அந்த வேலை போயிற்று. விளைச்சல் கூடிய கதையைப் பாடநூல் சொல்லும். வேலை போனவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

மூன்றாவது, வெறும் அரைமணி நடை: கோயிலிலிருந்து பழைய லயம் வரை. லயம் இருக்காது, சிமெண்டுத் தரையும், தண்ணீர்க் குழாய் நின்ற இடமும், யாரோ வைத்த முருங்கையும் மாமரமும் இருக்கும். எல்லைக் காவலுக்கு ஒரு முனியாண்டி. காட்டுக்குள் தனியே முருங்கை நின்றால் அங்கே நம்மவர் குடும்பம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து 1891இல் திறக்கப்பட்ட ரயில் பாதையும் இந்தப் பக்கம்தான் போயிற்று. இப்போது அதில் வண்டி ஓடுவதில்லை. தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி, தண்டவாளத்தில் நடக்காதீர்கள்.

சில எச்சரிக்கைகள். கணுக்காலை மூடும் காலணி வேண்டும். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். குலை வெட்டும் காட்டுக்குள் நுழையாதீர்கள்; இருபது கிலோ குலை தலையில் விழுந்தால் கட்டுரை படிக்க ஆள் இருக்காது. மருந்து அடிக்கும் நாளில் திரும்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், அதிலும் ஏப்ரல், அக்டோபரில். பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

தள்ளிப்போடவும் வேண்டாம். மம்பாவுக்குப் பக்கத்தில் இன்று சிரம்பான் 2 என்ற பெரிய குடியிருப்பு நிற்கும் இடம் ஒரு காலத்தில் தோட்டம். அங்கே வீடு வாங்கியிருக்கும் நம் முன்னாள் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ! தோட்டம் கைமாறினால் கோயிலுக்காகப் போராட ஆள் உண்டு, தமிழ்ப்பள்ளிக்காகவும் உண்டு. ஒற்றையடிப் பாதைக்காக எவரும் மனு எழுதுவதில்லை. புல்டோசர் அதைத்தான் முதலில் அழிக்கிறது.

போகும்போது தோட்டத்தில் வேலை செய்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். மெதுவாகத்தான் நடப்பார், அவரை முந்த வேண்டாம். என் பாட்டியை நான் கடைசியாக அழைத்துப்போன அன்று, அவருடைய பழைய நிரை இருந்த இடத்தில் செம்பனை நின்றது. சடக்கில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு சரிவைக் கையால் காட்டி, "இந்த எடத்தில மட்டும் ஜாக்கிரதையா இறங்கணும்" என்றார்.