4 ஆண்டு வேலை 14 ஆண்டு இழுத்தது ஏன்?
சிட்னி இசை மாளிகை கட்டிய கதை

ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி துறைமுகத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டியது போல ஒரு நிலத்துண்டு இருக்கிறது. அதன் மூன்று பக்கமும் தண்ணீர். அந்த நிலத்தின் மேல், வெள்ளை வெளேர் என்று ஒரு மாளிகை!

தூரத்தில் இருந்து பார்த்தால், பல கப்பல்கள் ஒன்றாகப் பாய் விரித்துப் புறப்படுவது போலத் தோன்றும்.

அதுதான் சிட்னி "ஆபரா" மாளிகை. ("ஆபரா" என்றால், வசனத்தைக்கூட பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம்.)

இந்த மாளிகையைக் காலண்டரிலும் சினிமாவிலும் பார்த்து வியந்தவர்கள் ஏராளம். ஆனால் இதைக் கட்டி முடிக்க எத்தனை ஆண்டு ஆயிற்று, தெரியுமா?

வேலை தொடங்கியது, 1959-ம் ஆண்டு மார்ச் மாதம். 1963-ம் ஆண்டு ஜனவரியில் முடிப்பது என்று திட்டம். முடிந்ததோ, 1973-ம் ஆண்டில்!

செலவு 70 லட்சம் டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனது 10 கோடியே 20 லட்சம் டாலர்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சும்மாவா சொன்னார்கள்?

கொத்தனார் சோம்பேறியா? மேஸ்திரி ஏமாற்றினாரா? இரண்டும் இல்லை. வேலை தொடங்கிய நாளிலேயே தாமதமும் தொடங்கிவிட்டது!

சிட்னியைப் பார்க்காதவர்

அந்த இடத்தில் முன்பு டிராம் வண்டிகளை நிறுத்தும் கொட்டகை இருந்தது. அதை இடித்துவிட்டு இசை மாளிகை கட்ட சர்க்கார் தீர்மானித்தது. "நல்ல படம் வரைந்து அனுப்புங்கள்" என்று போட்டி வைத்தார்கள்.

பல நாடுகளில் இருந்து 233 படங்கள் வந்து குவிந்தன. 1957-ம் ஆண்டு ஜனவரியில் முடிவு சொன்னார்கள்.

பரிசு பெற்றவர், டென்மார்க் நாட்டுக் கட்டிடக் கலை நிபுணர் யோர்ன் உட்சன். அப்போது அவருக்கு வயது 38. அதுவரை அவர் சிட்னி நகரைக் கண்ணால் பார்த்ததே இல்லை! போட்டோவையும் கடல் வரைபடத்தையும் வைத்துக்கொண்டே வரைந்துவிட்டார்.

படம் அழகோ அழகு. ஆனால் அது வெறும் சித்திரம்தான். கூரை எவ்வளவு கனம் இருக்கும், அதை எப்படி நிறுத்துவது என்ற கணக்கு எதுவும் அதில் இல்லை.

முதல்-மந்திரியின் அவசரம்

அந்த மாநிலத்தின் முதல்-மந்திரி ஜோசப் கேகில். இந்த மாளிகை வந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. "பாட்டுக் கேட்க மாளிகையா? ஆஸ்பத்திரி கட்டுங்கள், வீடு கட்டுங்கள்" என்ற குரல் அவருடைய கட்சியிலேயே எழுந்தது. 1959-ம் ஆண்டு மார்ச் மாதம் தேர்தலும் வந்தது. ஆட்சி மாறினால் திட்டம் பரணுக்குப் போய்விடும் என்று கேகில் பயந்தார்.

"வரைபடம் முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள்" என்று உட்சன் சொன்னார். கேகில் கேட்கவில்லை. தேர்தலுக்கு முன்பே, மார்ச் 2-ந் தேதி வேலையைத் தொடங்கிவிட்டார்!

தேர்தலில் அவர் கட்சியே ஜெயித்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கேகில் இறந்துபோனார்.

அவர் செய்தது சரியா, தவறா? பொறுத்திருந்தால் பல ஆண்டு மிச்சமாகி இருக்கும். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் தொடங்கி இருப்பார்களா? சந்தேகம்தான்!

47 வாரம் பின்தங்கியது

முதலில் மாளிகைக்கு அடித்தளமான பெரிய மேடையைக் கட்டினார்கள். வரைபடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தன. வந்த படமும் அடிக்கடி மாறியது. கட்டியதை மாற்றவேண்டி வந்தது.

போதாக்குறைக்கு மழை வேறு! நிலத்தில் பாயும் மழைநீரைத் திருப்பிவிடுவது, நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

1961-ம் ஆண்டு ஜனவரியில் கணக்குப் பார்த்தபோது, வேலை 47 வாரம் பின்தங்கி இருந்தது.

இந்தத் தொல்லைகளுக்கு நடுவே ஒரு இனிய நிகழ்ச்சியும் நடந்தது. புகழ் பெற்ற அமெரிக்க நீக்ரோப் பாடகர் பால் ராப்சன், 1960-ம் ஆண்டு நவம்பரில் அங்கே வந்தார். தொழிலாளிகள் சாரத்தின் மேல் உட்கார்ந்து கேட்க, கம்பீரமான குரலில் பாடினார். அந்த மாளிகையில் முதல் கச்சேரி கேட்டவர்கள், அதைக் கட்டிய கூலித் தொழிலாளிகளே!

தூணுக்கு வெடி!

அடித்தளம் எழும்பியபோது, கூரையின் கனம் யாருக்கும் தெரியாது. உத்தேசமாகத் தூண்களைக் கட்டினார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தத் தூண்கள் கூரையைத் தாங்காது என்று தெரிந்தது!

என்ன செய்வது? கட்டிய தூண்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதைவிடப் பலமான தூண்களைக் கட்டினார்கள். ஒரே வேலைக்கு இரண்டு கூலி, இரண்டு சிமெண்டு, இரண்டு காலம்!

கூரையை எப்படி வளைப்பது என்பது பெரிய புதிராக இருந்தது. கான்கிரீட் வார்க்க அச்சு வேண்டும். ஒவ்வொரு பாயும் ஒவ்வொரு விதமாக வளைந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு செய்யவேண்டும். அதற்குக் கட்டுப்படி ஆகுமா? என்ஜினீயர்கள் 12 விதமாகக் கணக்குப் போட்டும் சரிப்படவில்லை.

1961-ம் ஆண்டில் வழி பிறந்தது. ஒரு பெரிய பந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பூசணிக்காயைக் கீற்றுப் போடுவது போல, அதில் இருந்து சிறிதும் பெரிதுமாகத் துண்டுகளை வெட்டுங்கள். எல்லாத் துண்டுக்கும் வளைவு ஒன்றுதானே? சில அச்சுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்! பார்த்தால் பாயாகத் தோன்றும் அத்தனை கூரையும், ஒரே பந்தின் துண்டுகள்தான்.

இந்த யோசனை வேலை தொடங்குவதற்கு முன் வந்திருந்தால், தூணுக்கு வெடி வைக்கவேண்டி இருந்திருக்காது.

பணம் இருந்தும் தகராறு

பணம் இல்லாமல் வேலை நின்றதா? அதுவும் இல்லை. சர்க்கார் தனியாக லாட்டரிச் சீட்டு நடத்தியது. செலவில் பெரும் பகுதி அதிலேயே வந்துவிட்டது.

ஆனால் 1965-ம் ஆண்டு ஆட்சி மாறியது. பொதுப்பணி மந்திரியாக டேவிஸ் ஹியூஸ் வந்தார். செலவுக்குக் கணக்குக் கேட்டார். வரைபடம் எங்கே என்று கேட்டார். உட்சனுக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்திவைத்தார்.

மந்திரி கணக்குக் கேட்டது நியாயம். ஆனால், வேலை செய்பவருக்குப் பணத்தை நிறுத்தினால் வேலை எப்படி ஓடும்?

1966-ம் ஆண்டு பிப்ரவரியில் உட்சன் விலகினார். குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவை விட்டே போய்விட்டார்.

உள்ளே செய்யவேண்டிய வேலை, புதிய நிபுணர்கள் கைக்குப் போனது. ஆள் மாறினால் திட்டமும் மாறும் அல்லவா? ஆபராவுக்கும் கச்சேரிக்கும் என்று இருந்த பெரிய மண்டபத்தை, கச்சேரிக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அங்கே பொருத்திய மேடை இயந்திரங்களைக் கழற்றி எறிந்தார்கள்! ஆபராவைச் சிறிய மண்டபத்துக்கு மாற்றினார்கள். பெயரோ ஆபரா மாளிகை. ஆபராவுக்குச் சின்ன இடம்!

1973-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, எலிசபெத் ராணி மாளிகையைத் திறந்துவைத்தார். வாணவேடிக்கை அமர்க்களப்பட்டது. உட்சன் அங்கே இல்லை.

பிற்காலத்தில் மனக்கசப்பு தீர்ந்தது. சிட்னியில் இருந்து அவரிடம் ஆலோசனை கேட்டார்கள், அவரும் சொன்னார். அவருடைய மகன் அங்கே போய் வேலைகளைக் கவனித்தார். 2007-ம் ஆண்டு அந்த மாளிகை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு உட்சன் தமது 90-வது வயதில் காலமானார். கட்டி முடித்த மாளிகையை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்க்கவில்லை.