மணலில் படரும் சிவப்புப் படலம்

வீட்டில் மீன் வளர்ப்பது நம்மவர்களுக்குப் புதிதன்று. லயத்து வீட்டு வாசலில், பழைய கண்ணாடிப் போத்தலில் சண்டை மீன் வளர்க்காத பிள்ளைகள் ஒரு காலத்தில் குறைவு. இப்போது பட்டணத்து வீடுகள் சிலவற்றில் ஒரு படி மேலே சென்று, உப்பு நீரும் உயிருள்ள பவளமும் கொண்ட தொட்டிகளை வைக்கிறார்கள். கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே கோமாளி மீன் ஒளிந்து விளையாடுவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் மறந்துவிடும்.

இத்தனை அழகுக்கும் நடுவே ஒருநாள் வெண்மணலின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு கறை தோன்றும். ஒரு வாரத்தில் அது வெல்வெட்டுத் துணியை விரித்தாற்போல் மணலை மூடிவிடும். அப்படியே விட்டுவிட்டால் பவளத்தின் மேலும் ஏறி அதை மூச்சுத் திணறச் செய்யும். அதைவிட ஆபத்து, பதற்றத்தில் நாம் செய்யும் வைத்தியம். ஆகவே இதைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொள்வோம்.

பாசியன்று, பாக்டீரியா

பலரும் இதைப் பாசி என்றே சொல்கிறார்கள். முன்பு பாடப் புத்தகங்களும் இதை ‘நீலப்பச்சைப் பாசி’ என்றே குறிப்பிட்டன. உண்மையில் இது சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். செடிகளைப் போலவே ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பிராணவாயுவை வெளிவிடும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியது இந்த இனத்தின் உழைப்பால்தான். சத்துணவாக விற்கப்படும் ‘ஸ்பைருலினா’வும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. எனவே இதை அடியோடு ஒழிப்பது என்பது நடவாத காரியம். எல்லாத் தொட்டியிலும் இது கொஞ்சம் இருக்கவே செய்யும். அது அளவு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

மணலில் படர்வதெல்லாம் ஒன்றல்ல. தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் பழுப்புத் தூள் தூவியது போல் காணப்படுவது டயாட்டம் என்னும் நுண்பாசி. நீரிலுள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் அது பெரும்பாலும் தானே மறைந்துவிடும்.

பழுப்பு நிறத்தில் சளி போல, நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழிகளோடு தொங்குவது டைனோஃபிளஜெல்லேட். நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாமற் போகும்போது இது தலையெடுப்பதுண்டு. இதில் சில வகைகள் நத்தைகளுக்கு நஞ்சு.

நாம் பேசும் சயனோபாக்டீரியாவோ பெரும்பாலும் கருஞ்சிவப்பு. சில சமயம் கரும்பச்சை. உறிஞ்சு குழாயை அருகில் கொண்டுபோனால் ஈரக் காகிதம் போலத் தகடாக உரிந்து வரும். மாலையில் அதனடியில் குமிழிகள் மின்னும். சந்தேகம் தீர, பள்ளிக்கூடங்களில் இருக்கும் நுண்பெருக்கியில் ஒரு துளியை வைத்துப் பாருங்கள். சயனோ நூலிழைகளாகத் தெரியும். டைனோ தனித்தனி உருண்டைகளாக நீந்தித் திரியும். ஒன்றுக்குரிய வைத்தியம் மற்றதற்கு உதவாது.

ஏன் வந்தது?

செம்பனைக்கு உரம் போட்ட பிறகு பெருமழை பெய்தால் தோட்டத்துக் கால்வாய் என்ன ஆகிறது? தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் பச்சை பூத்துவிடுகிறது. தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. மீன் தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் மணலில் தங்கி, உரமாக மாறுகின்றன. நீரோட்டம் எட்டாத மூலைகளில் அந்த உரம் படிகிறது. சிவப்புப் படலம் முதலில் அங்கேதான் பிடிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சயனோவில் சில வகைகள் நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே உணவாக்கிக்கொள்ள வல்லவை. ‘சுத்தம்’ என்று நைட்ரேட்டை முற்றாகப் போக்கிவிட்டு, பாஸ்பேட்டை மட்டும் மிச்சம் வைத்தால் போட்டிக்கு வரும் நல்ல பாசிகள் பட்டினி கிடக்கும். சயனோவுக்கு மட்டும் விருந்து. பொதுவாக ஒரு லிட்டரில் நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் வைத்திருப்பது நல்லது.

செய்ய வேண்டியவை

1. மெல்லிய குழாயால் படலத்தை உறிஞ்சி வெளியேற்றுங்கள். கையால் கலைத்தால் துண்டு துண்டாகச் சிதறி, விழுந்த இடமெல்லாம் முளைக்கும். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். பொத்தான் பவளம் எனப்படும் ஸோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணிவது அவசியம்.

2. மணலின் மேல்பகுதியை மட்டும் சுத்தம் செய்யுங்கள். நான்கு அங்குலத்துக்கு மேல் ஆழமான மணலை அடியோடு கிளறினால், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்பட்டு மீன்களைக் கொல்லலாம்.

3. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். நூறு லிட்டர் தொட்டிக்குப் பத்து லிட்டர். புதிய நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்புச்செறிவு இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் இருக்கக்கூடும், ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீரே ஏற்றது. வெயிலில் வற்றிய அளவுக்கு உப்பில்லா நீரை ஊற்றினால் போதும். வற்றுவது நீர்தான், உப்பு அல்ல.

4. நீரோட்டத்தைக் கூட்டுங்கள். நூறு லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 2,000 லிட்டராவது சுழல வேண்டும். மணல் பறக்காமல், மூலைகளிலும் நீர் அசையும்படி பம்பின் வாயைத் திருப்பி வையுங்கள்.

5. தீனியைக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும். உறைந்த இறாலைக் கரைத்து, அதன் சாற்றை வடித்துவிட்டுப் போடுங்கள்.

6. மணலைக் கிளறும் நசாரியஸ் நத்தை, சங்கு போன்றவற்றை வளர்க்கலாம். அவை சிவப்புப் படலத்தைத் தின்னாவிட்டாலும், மிஞ்சிய தீனியைத் தின்று, மணலையும் கிளறிக்கொண்டிருக்கும்.

இவற்றை மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்தால் பெரும்பாலும் படலம் அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் மூன்று நாள் இருட்டு வைத்தியம் உண்டு. படலத்தை உறிஞ்சி எடுத்தபின் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடிவிட வேண்டும். பம்பும் காற்றுக் குழாயும் நிற்கவே கூடாது. நலமாயுள்ள பவளம் மூன்று நாளைத் தாங்கும். நான்காம் நாள் நீரை மாற்றி, விளக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

மருந்து வேண்டுமா?

எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லியை ஊற்றினால் ஓரிரு நாளில் மணல் பளிச்சென்று ஆகிவிடும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் இறந்த படலம் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாக்களும் பாதிக்கப்படலாம்.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது ஈப்போவில் வேலை பார்க்கிறார். ஆசையாக வைத்த தொட்டியில் சிவப்புப் படலம் கண்டு, கடைக்காரர் கொடுத்த மருந்தைச் சீக்கிரம் குணமாகட்டும் என்று இரட்டிப்பாக ஊற்றிவிட்டார். நுரைப்பான் பொங்கியதால் அதையும் நிறுத்திவிட்டார். காற்றுக் குழாய் வைக்க வேண்டுமென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து தவித்துக்கொண்டிருந்தன. நான்கு மீன்கள் செத்துப்போயின. மகள் அழுத அழுகையைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. இதில் வேதனை என்னவென்றால், அடுத்த மாதமே அந்தப் படலம் திரும்பி வந்தது. பாறைக்குப் பின்னால் நீரோட்டமே இல்லாத மூலை அப்படியே இருந்ததுதான் காரணம். பம்பை இடம் மாற்றி, தீனியைக் குறைத்த பிறகே மணல் வெளுத்தது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

மனிதருக்கான கிருமிக்கொல்லிகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மருந்து கலந்த நீரைக் கால்வாயில் கொட்டினால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக வழி செய்கிறோம். அது மீனோடு நிற்கும் விஷயமல்ல.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும்

தொட்டியருகே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நீர் மாற்றிய நாள், தீனியின் அளவு, சோதனையில் கண்ட எண்கள் ஆகியவற்றைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். எந்த மாற்றத்துக்குப் பின் படலம் கூடியது, எதற்குப் பின் குறைந்தது என்று அதுவே சொல்லிவிடும். வகுப்பறையில் நாங்கள் கற்றுத்தர முயலும் அறிவியலும் இதுதான்.

இன்னும் ஒரு வேண்டுகோள். தியோமான், ரெடாங் போன்ற கடல் பூங்காக்களில் பவளத்தைப் பறிப்பது சட்டப்படி குற்றம். தொட்டிக்கு வேண்டிய பவளத்தை வளர்ப்பாளர்களிடமிருந்தே வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த உயிருக்கு நாமே பொறுப்பு. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மணல் சிவக்கும்போது மருந்துப் புட்டியைத் தேடாமல், தீனி டப்பாவையும் பம்பையும் முதலில் பாருங்கள்.