டாக்டரிடம் கேட்கும் முறை

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவிகித ஒதுக்கீடு. 2022-இல் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி. ஆர்.கே.பேட்டை வாலிபர்கள் டாக்டராக ஆசைப்படுவதில் வியப்பில்லை. முன்னதாக ஒரு டாக்டரின் அருகிருந்து தொழிலைக் காண விரும்புவோர், நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் வேளையில் குறுக்கே போய்க் கேட்கலாகாது. தாம் யார், எத்தனை நாள் வர எண்ணம் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். பிரமுகரின் சிபார்சுக் கடிதம் வேண்டவே வேண்டாம். அது வேண்டுகோளைக் கட்டளையாக்கிவிடும். வக்கீல் தொழில் செய்த நமக்கு அதன் சுபாவம் தெரியும்.

டாக்டர் இசைந்தால் மட்டும் போதுமா? தெலுங்கிலோ தமிழிலோ தன் நோவைச் சொல்ல வந்த கிழவியின் சம்மதம் எங்கே? இலவச வைத்தியந்தானே என்று அவளைக் கேளாமல் விடுவதை நாம் ஒப்போம். அவள் வேண்டாமென்றால் வாலிபர் தாழ்வாரத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.