வீட்டுத் திரையரங்கக் கணினியில் நிகழ்படச் சிக்கல்கள்

வீட்டுத் திரையரங்கக் கணினி என்பது திரைப்படங்கள், பதிவு செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், இசை ஆகியவற்றைத் தொலைக்காட்சிப் பெட்டியின் வாயிலாகக் காண்பதற்கும் கேட்பதற்கும் பயன்படுத்தப்படும் கணினி ஆகும். இதற்கெனத் தனியே கணினி வாங்குவோரும் உண்டு. பழைய மேசைக் கணினியையோ மடிக்கணினியையோ இப்பணிக்கு ஒதுக்குவோரும் உண்டு. இவ்வமைப்பில் படம் தடுக்கித் தடுக்கி ஓடுதல், நிறம் மாறுதல், ஒலி பிந்துதல் முதலிய குறைகள் தோன்றும்போது, கணினியின் வேகம் போதவில்லை என்று முடிவு செய்து புதிய கணினி வாங்குவது பரவலான வழக்கம். பல வேளைகளில் குறை கணினியின் வேகத்தில் இருப்பதில்லை.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டு அரசு 2006 செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி 14 அங்குலப் பெட்டிகளை வழங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. இதனால் ஒரே வீட்டில் படக்குழாய்த் தொலைக்காட்சியும் மடிக்கணினியும் அருகருகே இருக்கும் நிலை ஏற்பட்டது. கிருட்டிணகிரி மாவட்டத்தின் கருநாடக எல்லையோர ஊர்களான கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ஓசூர் போன்றவற்றில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசப்படுவதால், ஒரே கோப்பில் பல மொழி ஒலித்தடங்களைக் கொண்ட படங்களுக்கும் தேவை உண்டு. இவ்விரண்டும் கீழே விளக்கப்படும் சிக்கல்களுடன் நேரடித் தொடர்புடையவை.

படக்குழாய்த் தொலைக்காட்சியுடன் இணைத்தல்

இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982 இல் பி.ஏ.எல். முறையில் தொடங்கியது. இம்முறையில் ஒரு படம் 625 வரிகளால் ஆனது. அவற்றுள் 576 வரிகளே கண்ணுக்குத் தெரியும் படத்தைத் தாங்குகின்றன. நொடிக்கு 25 முழுப்படங்கள், அதாவது 50 அரைப்படங்கள் வரையப்படுகின்றன. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் 525 வரிகளும் ஏறத்தாழ 60 அரைப்படங்களும் உள்ளன. தொலைக்காட்சி வெளியீடு கொண்ட வரைகலை அட்டைகளில் பல, தொடக்கத்தில் என்.டி.எஸ்.சி. முறைக்கே அமைக்கப்பட்டிருந்தன. அத்தகைய அட்டையைப் பி.ஏ.எல். மட்டுமே அறிந்த பெட்டியுடன் இணைத்தால் படம் கருப்பு வெள்ளையாகத் தெரியும். சில வேளை மேலும் கீழும் உருளும். அட்டை பழுதடைந்துவிட்டது என்று கருதத் தேவையில்லை. அட்டையின் இயக்கி மென்பொருளில் முறையைப் பி.ஏ.எல். என மாற்றினால் போதும்.

வி.ஜி.ஏ. அல்லது எச்.டி.எம்.ஐ. வெளியீட்டை வெறும் கம்பியால் தொலைக்காட்சியின் மஞ்சள் நிறத் துளையுடன் இணைக்க இயலாது. குறிப்பலையை மாற்றித்தரும் மின்சுற்று கொண்ட மாற்றிப்பெட்டி வேண்டும். அதன் பின்னும் 576 வரிகளுக்குள் அடங்குவதே திரையில் தெரியும் என்பதால் கணினியின் எழுத்துக்கள் மங்கலாகவே இருக்கும். இது குறையன்று, அப்பெட்டியின் எல்லை.

படம் தடுக்குதல்

இதுவே மிகுதியாகக் கேட்கப்படும் முறையீடு. இதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுபோலவே இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். வி.எல்.சி., கோடி ஆகிய இயக்க மென்பொருள்களில் கைவிடப்பட்ட சட்டகங்களின் எண்ணிக்கையைக் காட்டும் வசதி உள்ளது. அந்த எண்ணைப் பார்க்காமல் எதையும் மாற்றத் தொடங்குவது வீண் வேலை.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், செயலியும் முழு அளவில் உழைத்துக் கொண்டிருந்தால், குறிவிலக்கம் தாமதமாகிறது எனலாம். எச்.264 குறியாக்கம் 2003 இலும், எச்.265 எனப்படும் எச்.ஈ.வி.சி. 2013 இலும், ஏ.வி.1 2018 இலும் வெளியாயின. ஒரு கணினியின் வரைகலைச் சில்லு, தான் உருவான காலத்துக்குப் பிந்திய குறியாக்கத்தை அறியாது; அப்போது முழுச் சுமையும் செயலியின் மீது விழுகிறது. 2011 ஆம் ஆண்டு மடிக்கணினி ஒன்று எச்.264 உயர்தெளிவுப் படத்தை எளிதாக இயக்கிவிட்டு, அளவில் அதனினும் சிறிய எச்.ஈ.வி.சி. கோப்பில் திணறுவது இதனால்தான். எச்.264 ஆயினும் 10 பிட்டு நிற ஆழம் கொண்டிருந்தால் பெரும்பாலான பழைய சில்லுகள் அதை ஏற்பதில்லை. கோப்பை 8 பிட்டு எச்.264 ஆக மறுகுறியாக்கம் செய்துகொள்வது புதிய கணினியை விட மலிவான தீர்வு.

படம் அவ்வப்போது நின்று, பின் தொடர்ந்தால், தரவு வந்து சேர்வதில் தடை இருக்கலாம். புளூ-ரே வட்டின் நிகழ்படம் நொடிக்கு 40 மெகாபிட்டு வரை செல்லும். 54 மெகாபிட்டு எனக் குறிக்கப்பட்ட பழைய கம்பியில்லா இணைப்பு நடைமுறையில் அதில் பாதியைக் கூடத் தருவது அரிது. அதே கோப்பை வன்தட்டில் படியெடுத்து இயக்கிப் பார்த்தால் ஐயம் தீரும். 100 மெகாபிட்டுக் கம்பி இணைப்பு இதற்குத் தாராளம்.

சட்டகம் ஒன்றுகூடக் கைவிடப்படாத நிலையிலும் காட்சி நகரும்போது சீரின்றித் துள்ளினால், காரணம் புதுப்பிப்பு வீதப் பொருத்தமின்மை ஆகும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்டது. கணினி பொதுவாக 60 ஏர்ட்சில் படத்தை அனுப்புகிறது. 60 ஐ 24 ஆல் மீதியின்றி வகுக்க இயலாததால் ஒரு சட்டகம் இருமுறையும் அடுத்தது மும்முறையும் காட்டப்படுகின்றன. 25 சட்டகப் பதிவாயின் ஐந்து சட்டகங்களை 12 முறைகளில் பங்கிட வேண்டும். துள்ளல் இன்னும் ஒழுங்கற்றதாகிறது. இந்தியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் யாவும் 25 அல்லது 50 என்ற கணக்கில் அமைந்தவை என்பதால், அவற்றுக்கு 50 ஏர்ட்சே உரியது. அதே 50 ஏர்ட்சில் 24 சட்டகப் படத்தை ஓட்டினால், நொடிக்கு இரண்டு சட்டகங்கள் மும்முறை நின்று, நொடிக்கு இருமுறை தடுக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு: பல படக் கோப்புகளின் உண்மையான வீதம் 23.976. இதை மிகச்சரியாக 24 ஏர்ட்சில் காட்டினால் ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை ஒரு தடுக்கல் ஏற்படும். கோடி மென்பொருளில், படத்திற்கேற்பப் புதுப்பிப்பு வீதத்தை மாற்றும் அமைப்பைச் செயற்படுத்துவது இவை அனைத்துக்கும் தீர்வாகும்; தொலைக்காட்சியும் அவ்வீதத்தை ஏற்க வேண்டும்.

ஒலி பிந்துதலும் விலகுதலும்

தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவில் ஒலி முந்தி வந்தால், தொலைக்காட்சி படத்தை மெருகூட்ட எடுத்துக்கொள்ளும் நேரமே காரணம். ஒலி தனி ஒலிபெருக்கிக்குச் செல்லும் வீடுகளில் இது தெரியும். பெட்டியில் விளையாட்டு நிலையைத் தேர்வதாலோ, மென்பொருளில் ஒலியைச் சில மில்லிநொடிகள் தாமதப்படுத்துவதாலோ சரியாகும்.

தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் நிலைமை வேறு. 24 சட்டகப் படம் தொலைக்காட்சிக்காக 25 வீதத்தில் ஓட்டப்படும்போது 4 விழுக்காடு விரைகிறது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். திரைப்படக் கோப்பில் தமிழ் ஒலித்தடம் 24 இலிருந்தும், தெலுங்கு ஒலித்தடம் 25 வீதத் தொலைக்காட்சிப் பதிவிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தால், தெலுங்கில் பார்ப்பவர் முதல் நிமிடத்திலேயே 2.4 நொடி விலகலைக் காண்பார். நிலையான தாமதத்தை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது. அந்தத் தடத்தை 25க்கு 24 என்ற விகிதத்தில் நீட்டிச் சேர்க்க வேண்டும்.

நிறமும் விளிம்பும்

தொலைக்காட்சி 16 முதல் 235 வரையிலான ஒளி அளவையும், கணினி 0 முதல் 255 வரையிலான அளவையும் இயல்பாகக் கொள்கின்றன. கணினி குறுகிய அளவில் அனுப்பத் தொலைக்காட்சி முழு அளவை எதிர்பார்த்தால் கருமை சாம்பலாகும். மாறாக இருப்பின் இருட்டுக் காட்சிகளில் விவரங்கள் மறையும். இரு பக்கமும் ஒரே அமைப்பு இருத்தல் வேண்டும். விளிம்பு வெட்டப்பட்டு வசன வரிகள் மறைந்தால், தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் ஒன்றுக்கு ஒன்று என்பதைத் தேர்க.

படத்தில் உருளும் பட்டைகளும் நிலத்தொடுப்பும்

வி.ஜி.ஏ. போன்ற தொடரலை இணைப்புகளில் படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் மெல்ல உருள்வதும், ஒலிபெருக்கியில் 'உம்' என்ற இரைச்சல் கேட்பதும், கணினியின் நிலத்தொடுப்பும் தொலைக்காட்சிக் கம்பிவடத்தின் உறையும் வெவ்வேறு மின்னழுத்தங்களில் இருப்பதால் விளைவனவாகும். கம்பிவடத்தைச் சற்றே கழற்றினால் இரைச்சல் நின்றுவிடும், காரணம் உறுதியாகும். கம்பிவடத்தில் பொருத்தும் தனிமைப்படுத்தி இதற்கு உரிய கருவி.

கணினிச் செருகியின் நிலத்தொடுப்பு முள்ளை நீக்குவதாலும் இரைச்சல் நிற்கும். இதைச் செய்தல் ஆகாது. நிலத்தொடுப்பு இல்லாத கணினிப் பெட்டியின் உலோகப் பகுதி, மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கிகளால், மின்வழியின் பாதி அளவு மின்னழுத்தத்தை அடைகிறது. தொட்டால் சுள்ளென்று உறுத்துவது இதுவே. மின்வழங்கியின் உள்ளே காப்பு சிதைந்தால் அந்த உறுத்தல் உயிர்க்கொல்லியாகிவிடும். மூன்று துளைச் செருகிடம் இருந்தும் நிலத்தொடுப்புக் கம்பி இணைக்கப்படாத வீடுகள் உள்ளன என்பதால் மின்பணியாளரைக் கொண்டு அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகும் முன் இரு கருவிகளின் மின்செருகிகளையும் கழற்றிவிடுவது அத்துளைகள் பழுதாவதைத் தவிர்க்கும்.